தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தகவல் கட்டுரை எழுதக் கற்பித்தல்: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு பொருளைப் பற்றி நாம் அறிந்ததை, அதை அறியாத இன்னொருவர் புரிந்துகொள்ளும்படி எழுதிக் காட்டுவதே தகவல் கட்டுரை. தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் இத்திறன் ஒரு குழந்தைக்குக் கைவந்துவிட்டால், பின்னாளில் அறிவியலானாலும் வரலாறானாலும், தான் புரிந்துகொண்டதை எழுதிப் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொள்ள அதனால் முடியும். கைவராமல் போனால், பாடம் நன்றாகப் புரிந்த குழந்தைகூட விடைத்தாளில் ஒன்றும் புரியாத குழந்தையைப் போலத் தோன்றிவிடும். இதைக் கற்பிக்கப் பல வழிகள் ஆசிரியர் முன் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, ஓரளவு ஆய்வுச் சான்றும் உண்டு. வகுப்பறையில் எழுத்துக்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. எல்லா வழிகளையும் சிறிது சிறிதாகச் செய்துபார்த்தால் எதுவும் வேரூன்றாது. ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே முதன்மையான ஒரு வழியைத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றை அதற்குத் துணையாக வைத்துக்கொள்வதே நல்லது. எதை முதன்மையாக வைப்பது என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய கேள்வி.

கதை எழுதும் குழந்தைக்குக் காலம் துணை நிற்கிறது. முதலில் நடந்தது, அடுத்து நடந்தது என்று நிகழ்வுகளின் வரிசையே எழுத்தை நகர்த்திச் சென்றுவிடும். தகவல் கட்டுரையில் அப்படி ஆயத்தமாக ஒரு வரிசை கிடையாது. எதை முதலில் சொல்வது, எதை எதனோடு சேர்ப்பது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகளையெல்லாம் எழுதுகிற குழந்தையே எடுத்தாக வேண்டும். மூன்றாம் வகுப்பில் "மண்புழுவைப் பற்றி எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டுகளைத் திருத்த எடுத்தால், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"மண்புழு ஒரு புழு. அது மண்ணில் இருக்கும். அது நீளமாக இருக்கும். மழை பெய்தால் வெளியே வரும். மண்புழு விவசாயிகளின் நண்பன். அதற்குக் கண் இல்லை. எனக்கு மண்புழு பிடிக்கும்."

ஏழு வாக்கியங்களிலும் எழுத்துப் பிழை இல்லை, சொல்லப்பட்டவையும் தவறானவை அல்ல. ஆனால் எந்த வாக்கியத்தை எந்த இடத்துக்கு மாற்றினாலும் கட்டுரைக்கு ஒரு குறையும் நேராது. ஒன்று இன்னொன்றைத் தாங்கி நிற்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். "விவசாயிகளின் நண்பன்" என்று எங்கோ கேட்ட தொடர் இருக்கிறது, எப்படி நண்பன் என்பது இல்லை. கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வகை எழுத்தை 'அறிந்ததைச் சொல்லிவிடுதல்' என்ற பொருளில் விவரித்தனர். தலைப்பைப் பார்த்ததும் நினைவுக்கு வருவதையெல்லாம் வந்த வரிசையிலேயே இறக்கிவைத்து, நினைவு தீர்ந்ததும் நிறுத்திவிடும் முறை அது. எழுதத் தொடங்கும் எல்லோரும் கடந்துவரும் கட்டம்தான்; அதிலேயே தங்கிவிடாமல் வாசகரின் தேவைக்கேற்பத் தாம் அறிந்ததை மாற்றியமைக்கும் கட்டத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வதே கற்பித்தலின் பணி.

அந்த இடத்துக்குப் போக விடாமல் ஒரு குழந்தையைத் தடுப்பவை நான்கு. பொருளைப் பற்றிப் போதுமான அளவு தெரியாமல் இருக்கலாம். தெரிந்ததை வகைப்படுத்தி அடுக்கும் முறை தெரியாமல் இருக்கலாம். எழுத்துகளை நினைவுகூர்ந்து கையால் எழுதி முடிப்பதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடலாம். யாருக்காக எழுதுகிறோம் என்பதே புலப்படாமலும் இருக்கலாம். எந்த வழியை மதிப்பிடும்போதும், இந்த நான்கில் அது எதை நீக்குகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று பார்த்தால் முடிவெடுப்பது எளிதாகிறது.

மாதிரிக் கட்டுரையும் வார்ப்புருத் தாளும்

மிகப் பழைய வழி, நல்ல கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தெழுதவோ மனப்பாடம் செய்யவோ சொல்வது. அதன் சற்றுத் திருந்திய வடிவம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற குறிப்புச் சட்டகத்தைக் கொடுத்து நிரப்பச் செய்வது. இன்னும் சிறிய வகுப்புகளில் "______ என்பது ஒரு ______. அது ______ இல் வாழ்கிறது" என்ற கோடிட்ட இடங்கள் கொண்ட தாளாக இதே முறை வருகிறது.

இதற்குச் செலவில்லை, பயிற்சி தேவையில்லை, திருத்துவதும் எளிது. எழுதவே அஞ்சும் குழந்தைக்கு முதல் சில வாரங்களில் இது கைகொடுக்கும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் குழந்தை கற்க வேண்டிய முடிவுகள் அனைத்தையும் தாளே எடுத்துவிடுகிறது என்பதுதான் இதன் அடிப்படைக் குறை. மண்புழுவுக்கும் எரிமலைக்கும் ஒரே சட்டகத்தைக் கொடுத்தால், எரிமலை எங்கே "வாழ்கிறது" என்று திகைத்து நிற்கும் குழந்தையைத்தான் பார்ப்போம். ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007இல், நான்காம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, மாதிரி எழுத்துகளை ஆராய்ந்து பின்பற்றச் செய்யும் முறையின் விளைவளவு, அதாவது அது எழுத்தை எவ்வளவு மேம்படுத்தியது என்று காட்டும் எண், 0.25 என்றுதான் கிடைத்தது. இத்தகைய அளவுகளில் 0.2 சிறியது என்றும், 0.5 நடுத்தரமானது என்றும், 0.8 பெரியது என்றும் கொள்வது வழக்கம். குறிப்பிட்ட நாளில் கழற்றிவிடுவோம் என்ற திட்டத்தோடு வார்ப்புருத் தாளைப் பயன்படுத்தலாம். ஆண்டு முழுவதற்குமான முறையாக அதை ஏற்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

எழுத்துப் பட்டறை

டொனால்ட் கிரேவ்ஸ் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்து, பின்னர் லூசி கால்கின்ஸ் போன்றோர் விரிவாக்கிய செயல்முறை எழுத்து முற்றிலும் வேறு திசையிலிருந்து வருகிறது. குழந்தை தன் தலைப்பைத் தானே தேர்ந்தெடுக்கிறது. திட்டமிட்டு, வரைவு எழுதி, திருத்தி, மெருகேற்றி, வகுப்பின் முன் வாசிக்கிறது. ஆசிரியர் சில நிமிடம் ஒரு நுட்பத்தைக் கற்பித்துவிட்டு, மீதி நேரத்தில் ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் அமர்ந்து அதன் வரைவைப் பற்றி உரையாடுகிறார்.

எழுத்தை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டியதில்லை, திரும்பி வந்து மாற்றலாம் என்ற எண்ணத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததற்காக இம்முறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தன் எழுத்துக்குத் தானே உரிமையாளர் என்ற உணர்வையும் இதுவே அதிகம் வளர்க்கிறது. இருப்பினும் தகவல் கட்டுரையைப் பொறுத்தவரை இரண்டு தடைகள் உள்ளன. தலைப்பு அவரவர் விருப்பம் என்றால், நாற்பது குழந்தைகள் நாற்பது பொருள்களைப் பற்றி எழுதுவார்கள். அந்த நாற்பதிலும் எது உண்மை, எது கேள்விப்பட்டது என்று சரிபார்க்க ஆசிரியரால் இயலாது. இரண்டாவது, நேரம். ஒரு குழந்தையோடு ஐந்து நிமிடம் உரையாடினாலும் நாற்பது பேருக்கு 200 நிமிடம் வேண்டும். கிரஹாமும் கரின் சாண்ட்மெலும் 2011இல் செய்த தொகுப்பாய்வில், செயல்முறை எழுத்து பொதுவாக மாணவர்களின் எழுத்துத் தரத்தை 0.34 என்ற மிதமான அளவில் உயர்த்தியது. ஆனால் எழுத்தில் பின்தங்கிய மாணவர்களுக்கு அது குறிப்பிடத்தக்க பலன் தந்ததாக நிறுவப்படவில்லை. தானாகவே அமைப்பைக் கண்டுபிடித்துக்கொள்ளும் குழந்தைகளுக்குப் போதுமானதாக இருப்பது, வீட்டில் நூல்களைப் பார்த்தே இராத குழந்தைகளுக்குப் போதாமல் போகிறது. இந்தக் குறைதான் அடுத்த வழி பிறப்பதற்குக் காரணமாயிற்று.

வகைமை வழி: சேர்ந்து எழுதுதல்

1980களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், மைக்கேல் ஹாலிடேயின் மொழியியல் கோட்பாட்டை அடித்தளமாகக் கொண்டு ஜிம் மார்ட்டின், ஜோன் ராத்தரி முதலானோர், வசதி குறைந்த பின்னணியிலிருந்து வரும் மாணவர்கள் படிக்கும் பள்ளிகளோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினர். அறிக்கை, விளக்கம், செய்முறை போன்ற எழுத்து வகைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோக்கமும் அதற்கேற்ற கட்டமைப்பும் உண்டு. வசதியான குடும்பங்களின் பிள்ளைகள் அவற்றை வாசிப்பின் வழியே அறியாமலே உள்வாங்கிக்கொள்கிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அதைப் பள்ளிதான் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர்களின் வாதம். முதலில் நல்ல தகவல் கட்டுரை ஒன்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அடுத்து, ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து புதிய கட்டுரை ஒன்றைப் பலகையில் எழுதுகிறார்கள். அதன்பிறகே குழந்தைகள் தனித்து எழுதுகிறார்கள். பொருளைப் பற்றிய அறிவை வளர்ப்பது இந்த மூன்று கட்டங்களிலும் தொடர்ந்து நடக்கிறது.

இவற்றுள் நடுவில் உள்ள சேர்ந்தெழுதும் கட்டம்தான் இம்முறையின் உயிர். வகுப்பு சில நாள்களாக மண்புழுவைப் பற்றி வாசித்து, ஈரமண் நிரப்பிய கண்ணாடிச் சாடியில் அதைக் கவனித்து, குறிப்புகளும் எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பலகையின் அருகில் நின்று, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறார். "மண்புழு விவசாயிகளின் நண்பன்" என்று ஒரு குழந்தை சொல்கிறது. அதை மறுக்காமல், "மண்புழுவைப் பார்த்தே இராத ஒருவர் இதைப் படித்தால் முதலில் என்ன கேட்பார்?" என்கிறார் ஆசிரியர். "மண்புழுன்னா என்னன்னு கேப்பாங்க, டீச்சர்" என்று பதில் வருகிறது. அப்படியானால் எது முதலில் வர வேண்டும் என்ற கேள்விக்கு வகுப்பே விடை சொல்லிவிடுகிறது. "மண்புழு, ஈரமான மண்ணுக்குள் வாழும் எலும்பில்லாத உயிரினம்" என்பது பலகையில் ஏறுகிறது. அடுத்து, "அதுக்குக் காலே இல்ல" என்கிறது ஒரு குழந்தை. "பிறகு எப்படி நகர்கிறது?" "உடம்பச் சுருக்கிச் சுருக்கி நீட்டும்." "இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா?" என்று கேட்டு, இரண்டு மூன்று முயற்சிகளைக் காது கொடுத்துக் கேட்டபின், "அதற்குக் கால்கள் இல்லாததால், உடலைச் சுருக்கியும் நீட்டியும் நகர்கிறது" என்று எழுதுகிறார்.

சில நிமிடங்களுக்குள் இங்கே நிகழ்ந்திருப்பவை பல. வாசகரை நினைத்து வரிசையை முடிவுசெய்தார்கள். தனித்தனியே கிடந்த இரு செய்திகள் காரணத்தால் இணைந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சுத்தமிழ் எழுத்துத்தமிழாக மாறுவதை எல்லாக் குழந்தைகளும் கண்ணெதிரே பார்த்தார்கள். தமிழில் எழுதக் கற்கும் குழந்தைக்கு இந்தக் கடைசிப் பயன் அளவிட முடியாதது என்று நான் கருதுகிறேன். வாயில் வரும் மொழிக்கும் தாளில் எழுத வேண்டிய மொழிக்கும் இடையே நம்மிடம் இருக்கும் தூரம் மிக அதிகம். அந்தத் தூரத்தைத் தனியாகக் கடக்கச் சொல்லும்போதுதான் பல குழந்தைகள் தெரிந்ததையும் எழுதாமல் விட்டு, பிழையின்றி எழுதத் தெரிந்த சிறு வாக்கியங்களுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். நீண்ட வாக்கியத்தை எழுதும் சுமையை ஆசிரியர் ஏற்றுக்கொள்ளும்போது குழந்தையின் கவனம் பொருளுக்கும் அமைப்புக்கும் திரும்புகிறது. எனவே மேலே சொன்ன நான்கு தடைகளில் மூன்றை இந்தக் கட்டம் ஒருங்கே குறைக்கிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பிலும் இதை ஒரே நேரத்தில் செய்யலாம் என்பதும் சிறிய ஆதாயமன்று.

இம்முறை தவறிப்போகும் இடமும் இதே கட்டம்தான். ஆசிரியர் மனத்தில் ஏற்கெனவே ஒரு கட்டுரை இருந்து, அதைக் குழந்தைகள் வாயிலிருந்து வரவழைக்கும் முயற்சியாக இது மாறிவிட்டால், முன்வரிசையில் இருக்கும் நான்கு பேர் மட்டுமே பேச, மற்றவர்கள் பலகையைப் பார்த்தெழுதக் காத்திருப்பார்கள். சேர்ந்து எழுதிய கட்டுரையை உடனே அழித்துவிட்டு, அதே வகையில் வேறொரு பொருளைப் பற்றித் தனித்து எழுதச் சொல்வது இதற்கு ஒரு நல்ல தடுப்பு. அதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. முடிந்த கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்பதை இம்முறை தெளிவாகக் காட்டுகிறது. தனியே வெற்றுத் தாளின் முன் அமரும் குழந்தை முதல் நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

உத்தி வழி: தன்னைத் தானே நெறிப்படுத்துதல்

கேரன் ஹாரிஸும் ஸ்டீவ் கிரஹாமும் 1980களிலிருந்து வளர்த்தெடுத்த முறை சரியாக அந்த முதல் நிமிடத்தைக் குறிவைக்கிறது. திட்டமிடுவதற்கும் எழுதுவதற்கும் திருத்துவதற்கும் சில எளிய படிகளைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. முன்னறிவை உண்டாக்குதல், உத்தியைப் பற்றி உரையாடுதல், ஆசிரியர் செய்துகாட்டுதல், படிகளை மனத்தில் பதித்தல், துணையோடு பழகுதல், தனித்துச் செய்தல் என்று ஆறு கட்டங்களாக அது நடக்கிறது. ஆசிரியர் செய்துகாட்டும்போது வாய்விட்டுச் சிந்திக்கிறார்: "எனக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை. பரவாயில்லை, என் குறிப்புகளைப் பார்க்கிறேன். இதில் உணவைப் பற்றிய குறிப்புகள் இரண்டு இருக்கின்றன, அவற்றைச் சேர்த்து வைக்கலாம்." இலக்கு வைத்துக்கொள்வது, தன் எழுத்தைத் தானே சோதிப்பது, தடுமாறும்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்வது ஆகியவை எழுத்தோடு சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன.

சான்றுகளின் எடையை மட்டும் பார்த்தால் இந்த வழிக்கே முதலிடம். தொடக்க வகுப்புகளில் நடந்த ஆய்வுகளைக் கிரஹாமும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் தொகுத்தபோது, உத்திகளைக் கற்பித்தலின் சராசரி விளைவளவு 1.02 என்று கிடைத்தது. கட்டுரையின் அமைப்பைக் கற்பித்தலுக்கு 0.59, கையெழுத்து, எழுத்துக்கூட்டல் போன்ற அடிப்படைகளுக்கு 0.55, வெறுமனே எழுதும் நேரத்தைக் கூட்டுவதற்கு 0.30. இந்த எண்களைப் பார்த்ததும் ஒப்பீடு முடிந்துவிட்டது என்று தோன்றலாம். ஆனால் உத்தி வழியின் ஆரம்பகால ஆய்வுகளில் பெரும்பகுதி கதை எழுதுவதையும் தன் கருத்தை வாதிட்டு எழுதுவதையும் பற்றியவை. அவற்றுக்குத் தேவையான பொருள் குழந்தையின் அனுபவத்திலேயே இருக்கிறது. தகவல் கட்டுரைக்கு அப்படியில்லை. திட்டமிடும் தாளில் போட ஒன்றுமே இல்லாத குழந்தைக்கு எவ்வளவு நல்ல திட்டமிடும் உத்தியும் பயன்படாது. மேலும், இந்த முடிவுகள் ஆசிரியர்களுக்கோ கற்பித்தவர்களுக்கோ கணிசமான பயிற்சி கொடுத்தபின் கிடைத்தவை. ஆறு கட்டங்களையும் அவசரமாகக் கடந்து, படிகளை நினைவில் வைக்க உதவும் நினைவுக் குறிப்பை மட்டும் சுவரில் ஒட்டிவைத்தால், குழந்தைகள் அதை ஒப்பிப்பார்கள். எழுதும்போது அதன் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வழியைத் தமிழில் கையாளும்போது, ஆங்கில முதலெழுத்துகளால் ஆன நினைவுக் குறிப்புகளை மாற்றிக்கொண்டுவர முயல வேண்டாம். ஐந்து விரல்களுக்கு ஐந்து கேள்விகள் போதும்: அது என்ன? எப்படி இருக்கும்? எங்கே இருக்கும்? என்ன செய்யும்? ஏன் அப்படிச் செய்கிறது? கடைசி விரலை மடக்காமல் கட்டுரையை முடிக்கக் கூடாது என்று வகுப்பில் ஓர் உடன்பாடு செய்துகொண்டால், முதலில் பார்த்த ஏழு வாக்கியக் கட்டுரையில் இல்லாமல் போன "ஏன்" தானாகவே உள்ளே வரத் தொடங்கும்.

பொருளறிவும் மெய்யான வாசகரும்

எழுதும் முறையைவிட எழுத வேண்டிய பொருளுக்கும் எழுதுவதன் நோக்கத்துக்கும் முதன்மை தருவது இன்னொரு வழி. எழுத்து வகுப்பு தனியாக நடப்பதில்லை. அறிவியலிலோ சமூக அறிவியலிலோ ஓர் அலகை ஆழமாகப் படித்து, அந்த அறிவை உண்மையாகவே தேவைப்படுகிற யாருக்கேனும் எழுதுகிறார்கள். இரண்டாம் வகுப்பினர் படிக்க நான்காம் வகுப்பினர் நூல் எழுதுவதும், பள்ளித் தோட்டத்தில் உள்ள செடிகளுக்கு விளக்கப் பலகை எழுதுவதும் இவ்வகையைச் சேர்ந்தவை.

விக்டோரியா பர்சல்-கேட்ஸ், நெல் டியூக், ஜோசப் மார்ட்டினோ ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனத்துக்குரியது. இரண்டாம், மூன்றாம் வகுப்புகளின் அறிவியல் பாடத்தில், வகுப்பறைக்கு வெளியிலும் மக்கள் உண்மையாகவே படிக்கிற, எழுதுகிற தேவைகளை ஒத்த பணிகள் எந்த அளவுக்குக் கூடினவோ அந்த அளவுக்குக் குழந்தைகளின் வாசிப்பும் எழுத்தும் பல அளவீடுகளில் வளர்ந்தன. எழுத்து வகையின் கூறுகளை அதோடு வெளிப்படையாக விளக்கிச் சொன்னது பெரும்பாலான அளவீடுகளில் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. இது வகைமை வழியின் அடிப்படையையே அசைப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் சோதிக்கப்பட்டது கூறுகளை விளக்கிச் சொல்லுதல். வகுப்போடு சேர்ந்து ஒரு கட்டுரையை வாக்கியம் வாக்கியமாகக் கட்டியெழுப்புவது வேறு வேலை. "தலைப்பு வாக்கியம் என்றால் என்ன" என்ற பாடத்தால் பெரிதாக எதுவும் நிகழ்ந்துவிடாது என்பதே அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நினைக்கிறேன்.

பொருளறிவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெல் டியூக் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்து முதல் வகுப்பறைகள் இருபதில், தகவல் நூல்களோடு குழந்தைகள் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 3.6 நிமிடம் மட்டுமே என்று தெரியவந்தது. கதைகளை மட்டுமே கேட்டும் படித்தும் வளர்ந்த குழந்தையிடம் தகவல் கட்டுரையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதோடு, தகவல் எழுத்தில் உண்மைக்குப் பொறுப்பேற்கவும் அது பழக வேண்டும். மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு மண்புழுக்கள் ஆகும் என்று எழுதாத வகுப்பு அபூர்வம். அது உண்மையன்று, தலைப் பகுதி தப்பிப் பிழைத்து இழந்த வால் பகுதியை வளர்த்துக்கொள்ளக்கூடுமே தவிர, இரு துண்டுகளும் இரு உயிர்களாகிவிடுவதில்லை. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை ஒரு குழந்தை தன் வாக்கியத்தைப் பார்த்துத் தானே கேட்கத் தொடங்கும் நாளை, அழகான முடிவுரை எழுதும் நாளைவிட நான் பெரிதாக மதிப்பேன்.

இந்த வழியின் குறை, இது கையெழுத்தையும் வாக்கியக் கட்டமைப்பையும் தானாக வரும் என்று விட்டுவிடக்கூடும் என்பது. வாசகரும் இருக்கிறார், பொருளும் இருக்கிறது, ஆனால் இரண்டு வரி எழுதுவதற்குள் கை சோர்ந்துவிடுகிறது என்றால் ஆர்வமும் அங்கேயே சோர்ந்துவிடும். நாளும் சில நிமிடம் சரளமாக எழுதும் பயிற்சியும், "ஏனென்றால்", "ஆனால்", "ஆகவே" ஆகியவற்றைக் கொண்டு ஒரே செய்தியை மூன்று விதமாக நீட்டி எழுதும் வாக்கியப் பயிற்சியும் எந்த வழியைத் தேர்ந்தாலும் உடன் இருக்க வேண்டும். தனித்த இலக்கணப் பயிற்சியால் கட்டுரையின் தரம் உயரும் என்பதற்கு 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. கற்ற பொருளைக் கொண்டே வாக்கியங்களை இணைத்தும் விரித்தும் பழகுவதற்கே அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

தேர்வு

என் முடிவைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, ஒரு பொருளை ஆழமாகப் படித்து, அதைப் பற்றி ஆசிரியரோடு சேர்ந்து எழுதும் வழியே முதன்மையாக இருக்க வேண்டும். உத்தி வழியின் எண்கள் உயர்ந்தவையாக இருந்தும் அதை நான் இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், அடுக்குவதற்குப் பொருளும், எழுதுவதற்கு வாக்கியமும் இல்லாத வயதில் திட்டமிடும் உத்தி தாங்கி நிற்க அடித்தளம் இருக்காது என்பதே. நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் இந்த வரிசை மாறலாம். அதற்குள் குழந்தையின் கையும் சரளமாகியிருக்கும், சில தகவல் நூல்களையும் அது படித்திருக்கும்; அப்போது உத்தி வழியை முழு அளவில், ஆறு கட்டங்களையும் அவசரப்படாமல் கடந்து கற்பித்தால், ஆசிரியரின் துணையின்றித் தனியே எழுதும் வலிமை கிடைக்கும். பட்டறை முறையிலிருந்து வரைவைத் திருத்தும் பழக்கத்தையும், வகுப்பின் முன் வாசித்துக்காட்டுவதையும், ஒருவர் எழுத்தை இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்பதையும் எடுத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னது குறிப்பாக முக்கியம்: மாணவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக எழுதுவதற்குக் கிரஹாம் குழுவின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் கிடைத்த விளைவளவு 0.89.

இருபதுக்கும் குறைவான குழந்தைகள், அலமாரி நிறையத் தகவல் நூல்கள், தனித்தனியே உரையாட நேரம் என்று எல்லாம் வாய்த்த ஆசிரியர் பட்டறையையே முதன்மையாக வைத்து இதே இடத்தை அடையக்கூடும். அப்போதும் பின்தங்கிய குழந்தைகளுக்குச் சேர்ந்தெழுதும் அமர்வுகள் தேவைப்படும். ஒரே அறையில் பல வகுப்புகளை நடத்தும் ஆசிரியருக்கும் சேர்ந்தெழுதுவதே வசதி, ஏனெனில் ஒரே பொருளைப் பற்றிச் சிறியவர்கள் சொல்ல, பெரியவர்கள் எழுத முடியும். எழுத்துப் பயிற்சியே பெறாத ஆசிரியர்கள் நிறைந்த பள்ளி உத்தி வழியை அறிவிப்பதற்கு முன், அவர்களுக்கு அதைக் கற்றுக்கொள்ளவும் ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கவும் வாய்ப்பளிக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் பள்ளி முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும். தொடக்க வகுப்புகளில் எழுத்துக் கற்பித்தல் குறித்து அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, முதல் வகுப்பிலிருந்து நாள்தோறும் ஒரு மணி நேரத்தைப் பரிந்துரைக்கிறது: அரை மணி கற்பித்தலுக்கு, அரை மணி பயிற்சிக்கு. அந்த வழிகாட்டியே இந்த நேர அளவுக்குச் சான்று குறைவு என்றும், உத்திகளைக் கற்பிப்பதற்குச் சான்று வலுவாக உள்ளது என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறது. பயிற்சிக்கான அரை மணியைப் பிற பாட வேளைகளில் நடக்கும் எழுத்திலிருந்தும் ஈடுகட்டலாம் என்பதால், பொருளறிவோடு இணைந்த வழியைத் தேர்ந்த பள்ளிக்கு இது எட்டாத அளவன்று.

தேர்ந்த வழி வேலை செய்கிறதா என்பதை ஆண்டு இறுதித் தேர்வு வரை காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவது மாத முடிவில் ஒரே வாரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுதச் சொல்லலாம்: ஒன்று வகுப்பு சேர்ந்து படித்த பொருள், மற்றொன்று ஒவ்வொரு குழந்தையும் தனக்கு நன்றாகத் தெரியும் என்று தானே சொல்லும் பொருள். எழுத்துப் பிழைகளை அப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு செய்தி அடுத்த செய்தியோடு சேர்ந்து நிற்கிறதா, ஏன் என்பதற்குப் பதில் இருக்கிறதா, அறியாதவருக்குப் புரியுமா என்று மட்டும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். முதல் கட்டுரையில் அமைப்பு இருந்து இரண்டாவதில் இல்லையென்றால், குழந்தை இன்னும் வகுப்பின் துணையில்தான் நிற்கிறது. அதற்கு இப்போது தேவை திட்டமிடும் உத்தி. இரண்டிலும் அமைப்பு இருந்து, செய்திகள் மட்டும் மெலிந்திருந்தால், அடுத்த இரண்டு மாதத்தில் எழுத்துப் பாடத்தைக் கூட்டுவதைவிடத் தகவல் நூல் வாசிப்பைக் கூட்ட வேண்டும். இரண்டிலுமே நான்கைந்து வரிக்கு மேல் இல்லையென்றால், அந்தக் குழந்தையை வாய்மொழியாகச் சொல்லவைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். வாயில் நிறைய வந்து தாளில் வரவில்லையெனில், சரளமாக எழுதும் பயிற்சியும் வாக்கியப் பயிற்சியும் அதற்கு மட்டும் கூடுதலாகத் தேவை. வாயிலும் வரவில்லையெனில், அந்தப் பொருளைக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, எழுதச் சொல்வதற்கு முன் மீண்டும் பாடத்துக்கே திரும்ப வேண்டும்.